பழி ஓரிடம், புகை ஓரிடம்

மழை பொய்த்தால் யாரைக் கூண்டில் ஏற்றுவது என்ற கேள்வி எல்லாச் சமூகங்களுக்கும் உண்டு. நம்மூர் மரபில் அரசனின் கோல் கோணியதால் வானம் பொய்த்தது என்று எழுதிவைத்தார்கள். போதாததற்குப் பெண்ணின் கற்பையும் கொண்டுவந்து மழையோடு முடிச்சுப் போட்டார்கள். இதெல்லாம் பழங்கதை, நாமெல்லாம் அறிவியல் யுகத்துக்கு வந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்கிறோம். சரி, வந்த பிறகாவது ஆள் பிடிக்கிற வேலை நின்றதா? மேற்கு ஆப்பிரிக்காவின் சஹேல் நிலத்தில் 1968இல் தொடங்கி ஏறத்தாழ இருபது வருஷம் நீடித்த வறட்சியை எடுத்து வாசித்தால் நின்றதாகத் தெரியவில்லை. அங்கே கூண்டில் ஏற்றப்பட்டவன் மாடு மேய்க்கிறவன். ஏற்றியது பூசாரியோ புலவனோ இல்லை; பருவநிலை மாதிரிகளை ஓட்டிய கணிப்பொறி. அதே வகைக் கணிப்பொறிகள் முப்பது வருஷம் கழித்து வேறொரு பெயரைச் சொல்லின: ஐரோப்பிய, அமெரிக்கப் புகைபோக்கிகளிலிருந்து கிளம்பிய கந்தகத் துகள். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் நடந்தது என்ன என்பதுதான் இங்கே பேச விரும்புவது.

சஹேல் என்றால் அரபியில் கரை. சஹாரா மணற்கடலின் தென்கரை. செனகல், மொரிட்டானியா, மாலி, இன்று புர்கினா ஃபாசோ எனப்படும் அன்றைய மேல்வோல்ட்டா, நைஜர், சாட் என்று கிழக்கே சூடான்வரை நீளும் பட்டை. வருஷத்தில் ஒரே மழைக்காலம், ஜூன் முதல் செப்டம்பர்வரை. வெயில் வடக்கே ஏறும்போது நிலநடுக்கோட்டு மழைப்பட்டையும் பின்னாலேயே வடக்கே ஏறும். அந்தப் பட்டையின் கடைசி விளிம்பு தொட்டுவிட்டுப் போகிற இடம்தான் சஹேல். பட்டை கொஞ்சம் தெற்கே நின்றுவிட்டால் அங்கே சொட்டு விழாது. ஃபுலானிகளும் துவாரெக்குகளும் மந்தையை மழையோடு வடக்கே ஓட்டிப்போய், கோடையில் தெற்கே திரும்புவார்கள். விவசாயி அறுத்த தாளில் மாடு மேயும், சாணி வயலுக்கு. மழை எங்கே விழும் என்று நிச்சயமில்லாத நாட்டில் நகர்ந்துகொண்டிருப்பதே பாதுகாப்பு.

1968இல் மழை குறைந்தது. 1972, 73இல் அறவே கெட்டது. சுமார் ஒரு லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு; மாடுகளுக்குக் கணக்கே கிடையாது. கொஞ்சம் தலைதூக்கி மறுபடி 1983, 84இல் அடித்தது. சாட் ஏரி அறுபதுகளில் இருந்த பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. 1974 ஏப்ரலில் நைஜரில் அதிபர் ஹமானி டியோரி ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டார். நிவாரண தானியத்தைப் பதுக்கினார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அதே ஆண்டு எத்தியோப்பியாவில், வோலோ பஞ்சத்தின் கையோடு, ஹைலி செலாசியின் சிம்மாசனம் போயிற்று. கோல் கோணி மழை பொய்த்ததாகச் சொன்ன நம்மாட்களுக்கு இது தலைகீழ்ப் பாடம்: மழை பொய்த்துக் கோல் முறிந்தது.

ஆனால் உலக அரங்கில் ஓடிய கதை வேறு. அதில் மேய்ப்பன் அளவுக்கு மீறி மாடு வளர்த்தான், புல்லை மொட்டையடித்தான், விறகுக்கு மரத்தை வெட்டினான், பாலைவனம் தெற்கே நகர்ந்துவந்து அவனையே விழுங்கியது. இந்தக் கதை வறட்சிக்குப் பிறகு பிறந்தது என்று நினைத்தால் தவறு. முப்பதுகளிலேயே எழுதித் தயாராக வைக்கப்பட்டிருந்தது. எழுதியவர்களில் முக்கியமானவர் இ. பி. ஸ்டெப்பிங், பிரிட்டிஷ் இந்திய வனத்துறையில் உத்தியோகம் பார்த்தவர். 1935இல் சஹாரா ஆக்கிரமித்து வருகிறது, மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளுக்கு ஆபத்து என்று கட்டுரை போட்டார். தலைப்பிலேயே காலனி என்ற சொல் இருக்கிறது. ஆபத்து யாருக்கு என்பதில் ஒளிவுமறைவில்லை. அவர் நாட்டைச் சுற்றிப் பார்த்தது கோடையில் என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து அமைத்த வனக் கமிஷன் நேரில் போய்ப் பார்த்து, பாலைவனம் அப்படியொன்றும் முன்னேறவில்லை என்று எழுதிக்கொடுத்தது. கமிஷன் அறிக்கை பரணுக்குப் போனது, ஸ்டெப்பிங்கின் கதை தங்கிவிட்டது. நம் மலைகளில் குமரி விவசாயம் செய்தவர்களைக் காட்டின் எதிரி என்று பெயரிட்டு வெளியேற்றிய அதே வனத்துறை அறிவுதான் கப்பலேறி ஆப்பிரிக்கா போயிருக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதிகாரம் அறிவை உற்பத்தி செய்கிறது என்ற ஃபூக்கோவின் பேச்சுக்கு உதாரணம் தேடி பாரிஸ் போக வேண்டியதில்லை.

வறட்சி தொடங்கிய அதே 1968இல்தான் காரெட் ஹார்டின் ‘பொதுநிலத்தின் அவலம்’ பற்றிய கட்டுரையை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். மேய்ச்சல் நிலம் பொதுவில் இருந்தால் ஒவ்வொருவனும் ஒரு மாடு கூடுதலாக விடுவான், கடைசியில் நிலம் அழியும் என்பது வாதம். அவருக்கு ஒரு புகைப்படச் சாட்சியும் கிடைத்தது. நைஜரை மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தில், பழுப்பு நிலத்தின் நடுவே பச்சையாக ஒரு ஐங்கோணம். போய்ப் பார்த்தால் முள்கம்பி வேலி போட்ட நவீன மாட்டுப் பண்ணை. 1974இல் ‘சயின்ஸ்’ இந்தச் செய்தியைப் போட்டது, ஹார்டின் எடுத்துக்கொண்டார். பார்த்தீர்களா, வேலிக்குள்ளே பச்சை, வெளியே பாலை! வேலிக்கு வெளியே துரத்தப்பட்ட மாடுகள் எங்கே போய் மேய்ந்தன என்ற கேள்வி படத்தில் விழாது. நிலக்கடலைச் சாகுபடி வடக்கே தள்ளிக்கொண்டே போய் மேய்ச்சல் நிலத்தைத் தின்றதும், காலனி எல்லைக்கோடுகள் மந்தைப் பாதைகளை வெட்டியதும், உதவி நிறுவனங்கள் தோண்டிய ஆழ்குழாய்க் கிணறுகளைச் சுற்றி மாடுகள் குவிந்து, தண்ணீர் இருந்தும் புல் இல்லாமல் செத்ததும் அந்த உயரத்திலிருந்து தெரியாதவை.

1975இல் ஜூல் சார்னி வருகிறார். சாதாரண ஆளில்லை, 1950இல் கணிப்பொறியில் வானிலையைக் கணித்த முதல் குழுவில் இருந்தவர். அவருடைய வாதம் அழகானது. புல் போய் மணல் வெளியே தெரிந்தால் தரை வெளுக்கும். வெளுத்த தரை வெயிலைத் திருப்பி அனுப்பும். தரைக்கு மேலுள்ள காற்று குளிர்ந்து கீழிறங்கும். இறங்குகிற காற்றில் மேகம் கட்டாது, மழை குறையும், மழை குறைந்தால் இன்னும் புல் போகும். மாதிரியில் தரையின் பிரதிபலிப்பை 14 சதவீதத்திலிருந்து 35 சதவீதத்துக்கு ஏற்றினார். மழைப்பட்டை தெற்கே விலகிற்று. இயற்பியலில் பிழையில்லை. ஆனால் சஹேல் தரை உண்மையில் அவ்வளவு வெளுத்ததா என்பதற்கு அளவீடு கிடையாது. அதை யாரும் பெரிசாகக் கேட்கவில்லை, ஏன்னா பதில் ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது. ஸ்டெப்பிங் கிளப்பிய பயம் இப்போது சமன்பாடாகிவிட்டது. 1977இல் ஐ.நா. நைரோபியில் பாலைவனமாதல் மாநாடு கூட்டியது. மந்தையைக் குறை, நாடோடியைக் குடியமர்த்து, வேலி போடு என்பவை திட்டங்களாகி நிதியோடு இறங்கின.

பின்னால் சாட்சிகள் ஒவ்வொன்றாகப் பிறழ்ந்தன. சூடானில் பாலைவனம் பதினேழு வருஷத்தில் 90, 100 கிலோமீட்டர் நகர்ந்ததாக லாம்ப்ரே கொடுத்த அறிக்கையை, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்பதுகளில் அதே நிலத்தில் சரிபார்த்தபோது அப்படியொரு அணிவகுப்பே இல்லை. 1991இல் டக்கர் குழுவினர் 1980 முதல் 1990 வரையான செயற்கைக்கோள் படங்களை அடுக்கிக் காட்டினார்கள்: மழை பெய்தால் பச்சை வடக்கே ஏறுகிறது, பொய்த்தால் தெற்கே இறங்குகிறது. கரை என்று பெயர் வைத்த அரபிக்காரனுக்கு இது முன்பே தெரிந்திருக்கும் போல.

அப்படியானால் மழை ஏன் பொய்த்தது? 1986இல் பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ஃபோலண்ட், பாமர், பார்க்கர் மூவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: வட அட்லாண்டிக் குளிர்ந்து தென்கடல்கள் சூடான வருஷங்களில் சஹேல் காய்கிறது. 2003இல் அலெஸ்ஸாண்ட்ரா ஜன்னினியும் சகாக்களும் மாதிரிக்குக் கடல் வெப்பத்தை மட்டும் ஊட்டினார்கள். சஹேலின் வறட்சி தானாக வந்து நின்றது. மாடும் தேவைப்படவில்லை, மேய்ப்பனும் தேவைப்படவில்லை. சார்னி சொன்ன சுழற்சி வறட்சியைக் கூட்டியிருக்கும், தொடங்கிவைத்தது அதில்லை.

இங்கே விசாரணை நின்றிருந்தால் கடலைக் குற்றம் சொல்லி, இயற்கையின் செயல் என்று கோப்பை மூடியிருப்பார்கள். மூடவிடாமல் செய்த கேள்வி: வட அட்லாண்டிக் ஏன் குளிர்ந்தது?

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது அதிலிருக்கும் கந்தகம் வாயுவாகப் போய் காற்றில் சல்பேட் துகளாகிறது. கண்ணுக்குத் தெரியாத பொடி. வெயிலை வானத்துக்கே திருப்பிவிடும். மேகத்துக்குள் நுழைந்தால் இன்னொரு வேலையும் செய்யும். நீராவி திரள ஒரு கரு வேண்டும். கரு பெருகினால் அதே தண்ணீர் நிறையச் சிறு துளிகளாகப் பங்குபோடப்படும், மேகம் இன்னும் வெளுக்கும், இன்னும் வெயிலைத் திருப்பும். எழுபதுகளில் ஷான் டூமி சொன்னது இது. கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கி உலகம் முழுக்கப் பரவும். இந்தத் துகளுக்கு ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரம். அதனால் அது கிளம்பிய அரைக்கோளத்திலேயே சுற்றி அங்கேயே விழும். எழுபதுகளில் உலகத்தின் கந்தகப் புகையில் பெரும்பகுதி வட அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சோவியத் நாடுகளிலிருந்தும் வந்தது. ஆக வட அரைக்கோளம் தெற்கைவிடக் கூடுதலாக நிழலில் இருந்தது. வெப்பமண்டல மழைப்பட்டை எந்த அரைக்கோளம் சூடோ அந்தப் பக்கம் சாயும். வடக்கு குளிர்ந்தால் பட்டை தெற்கே விலகும். விளிம்பில் இருக்கிறவனுக்கு முதலில் நிற்கும். விளிம்பு, மையம் என்று நாம் உருவகமாகப் பேசித் தேய்த்த சொற்கள் இங்கே அட்சரேகைக் கணக்காக நிற்கின்றன.

2002இல் ஆஸ்திரேலியாவின் லியோன் ராட்ஸ்டைனும் அப்போது கனடாவில் இருந்த உல்ரிக்க லோமனும் ஒரு மாதிரியில் தொழில்யுகத்துக்கு முந்தைய காற்றையும் இன்றைய காற்றையும் வைத்து ஒப்பிட்டார்கள். துகளைச் சேர்த்ததும் மழைப்பட்டை தெற்கே நகர்ந்து சஹேல் காய்ந்தது.

இந்தப் புகையின் வரலாறு தனிக்கதை. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் கறுப்பு மூடுபனி; அந்தச் சில வாரங்களில் நாலாயிரம் பேர் செத்ததாக அப்போது கணக்கு, பிற்கால மதிப்பீடு பன்னிரண்டாயிரம்வரை போகிறது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகரத்து அடுப்புக்கரி குறைந்தது. மின்நிலையங்கள் ஊருக்கு வெளியே போய்ப் புகைபோக்கியை உயர்த்திக்கொண்டன. யார்க்ஷயரில் ட்ராக்ஸ் நிலையத்தின் புகைபோக்கி 259 மீட்டர். கனடாவின் சட்பரியில் நிக்கல் உருக்காலைக்கு 1972இல் 381 மீட்டரில் ஒன்று எழுந்தது. உள்ளூர்க்காரன் மூச்சுவிட்டான், கந்தகம் அப்படியே மேலேறித் தூரம் போனது. அது நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் அமிலமாக விழுந்து மீன் செத்தது. ஸ்வீடன்காரர்கள் சத்தம் போட்டார்கள். 1979இல் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி ஜெனீவா உடன்படிக்கை. 1985இல் ஹெல்சிங்கியில் கந்தகத்தை 30 சதவீதம் குறைக்க ஒப்பந்தம்; பிரிட்டனும் அமெரிக்காவும் கையெழுத்துப் போடவில்லை. இருந்தும் எண்பதுகளுக்குப் பிறகு மேற்கில் கந்தகம் சரியத்தான் செய்தது.

அந்த ஜெனீவா மேசையில் மீன் இருந்தது, ஜெர்மனியின் காடு இருந்தது. மாலிக்காரனின் மாடு இல்லை. எல்லை தாண்டுவது என்ற சொல்லின் எல்லை ஐரோப்பாவோடு முடிந்துவிட்டது. கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை, அப்படியொரு தொடர்பை அன்று யாரும் கணக்கிட்டிருக்கவில்லை. சஹேலில் எண்பதுகளின் கடைசியிலிருந்து மழை ஓரளவு திரும்பியது. நார்வே மீனுக்காகக் குறைத்த கந்தகத்தால் நைஜரில் மழை பெய்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பாதிக்கதை. பசுமைக்குடில் வாயுக்களின் சூடே மீட்சிக்குப் பெரும்பங்கு என்று 2015இல் ரீடிங் பல்கலைக்கழகத்தின் டாங், சட்டன் வாதிட்டார்கள். அட்லாண்டிக் குளிர்ந்ததில் துகளின் பங்கு எவ்வளவு, கடலின் சொந்த ஊசலாட்டம் எவ்வளவு என்பதிலும் சண்டை ஓயவில்லை. 2012இல் துகளே முதன்மை என்று ஒரு குழு சொல்ல, அடுத்த ஆண்டே மற்றொரு குழு மறுத்தது. 2021இல் வந்த ஐ.பி.சி.சி. அறிக்கை, வட அரைக்கோளத் துகள்களுக்கு அந்த வறட்சியில் பங்குண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறது. தனிக்குற்றவாளி இல்லை, உடந்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

எரிமலைகள் கொடுக்கிற சாட்சியம் இதைவிட நேரடி. அவற்றுக்குத் தொழிற்கொள்கை கிடையாது. 1900 முதல் 2010 வரை சஹேலின் மிகக் கடுமையான நான்கு வறட்சிக் கோடைகளில் மூன்றுக்கு முன்னால் வட அரைக்கோளத்தில் பெரிய எரிமலை வெடித்திருக்கிறது என்று 2013இல் ஜிம் ஹேவுட் குழு காட்டியது. 1912இல் அலாஸ்காவில் கட்மை, 1982இல் மெக்சிகோவில் எல் சிச்சோன். வடக்கே கந்தகம் ஏறினால் தெற்கு விளிம்பில் புல் காய்கிறது. எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. ஜோசப் ப்ராஸ்பெரோ 1965 முதல் கரீபியத் தீவான பார்படோசில் காற்றுத் தூசியை வடிகட்டி அளந்தார். சஹேல் காய்ந்த எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே ஆப்பிரிக்கத் தூசி பெருகியது. அடிமைக் கப்பல்கள் போன அதே திசையில் மண்ணும் போயிருக்கிறது.

இந்த இடத்தில் நம் வட்டாரத்து நண்பர்கள் சிலருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அறிவியல் என்பதே மேற்கின் பெருங்கதையாடல், கணிப்பொறி மாதிரி என்பது காலனியப் பார்வையின் நீட்சி என்று சொல்லி ஒதுங்குவது எளிது. சார்னியின் மாதிரியைப் பற்றி அப்படிச் சொன்னால் பாதி பொருந்தும். ஆனால் மேய்ப்பனை விடுவித்ததும் அதே மாதிரிகளின் வாரிசுகள்தான். சார்னியே 1979இல் கரியமில வாயுவால் பூமி சூடாகும் என்ற புகழ்பெற்ற அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இடையில் மாறியது மாதிரிக்குள் எதைப் போடுவது என்ற தேர்வு. 1975இல் உள்ளே போனது மாட்டின் குளம்பு. 2002இல் உள்ளே போனது தொழிற்சாலைப் புகை. அந்தத் தேர்வு நடக்கிற இடத்தில் நாம் தலையைக் கொடுக்காமல், மொத்தமாக நிராகரித்துவிட்டு இலக்கியம் பேசிக்கொண்டிருந்தால், குளம்புதான் மறுபடி உள்ளே போகும்.

போகவும் போயிற்று, நம் பக்கமாகவே. 1999இல் மாலத்தீவை மையமாக வைத்து நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வில், தெற்காசியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல்மேல் சுமார் மூன்று கிலோமீட்டர் கனத்துக்குப் பழுப்புப் புகைப்படலம் படர்ந்திருப்பது தெரிந்தது. 2002 ஆகஸ்டில், ஜோகன்னஸ்பர்க் உச்சிமாநாட்டுக்குச் சில நாள் முன்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்று பெயரிட்டு லண்டனில் வெளியிட்டது. இந்திய அரசு கொதித்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜெ. ஸ்ரீனிவாசனும் சுலோசனா காட்கிலும் இதில் உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் கேள்வி கேட்டார்கள். பிறகு பெயரிலிருந்து ‘ஆசிய’ உதிர்ந்து ‘வளிமண்டல’ ஆனது. ஐரோப்பியக் கந்தகம் உச்சத்தில் இருந்தபோது அதற்கு ‘ஐரோப்பிய வெள்ளை மேகம்’ என்று யாராவது பெயர் வைத்தார்களா?

ஆனால் பெயர்ச்சண்டையில் ஜெயித்ததோடு புகை போய்விடாது. சல்பேட் வெயிலைத் திருப்புகிறது. கரித்துகள் உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கித் தரையை நிழலில் வைக்கிறது. தரைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வெப்ப வித்தியாசம் மங்கினால் பருவமழை தளரும். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மத்திய, வட இந்தியாவில் மழை குறைந்ததற்குத் துகள்களே முக்கியக் காரணம் என்று 2011இல் பொல்லாசினா, மிங், ராமசாமி மூவரின் ஆய்வு சொன்னது. கரித்துகளில் மூன்றில் இரண்டு பங்குவரை விறகு, சாணி, பயிர்த்தாள் எரிப்பிலிருந்து வருகிறது என்று 2009இல் கார்பன் சோதனை காட்டியது. உடனே கூண்டில் யார்? அடுப்பூதுகிற பெண். அவள் நுரையீரலில்தான் அந்தப் புகை முதலில் இறங்குகிறது என்பதால் அடுப்பு மாற வேண்டும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. பிழைப்புக்கான புகை வேறு, ஆடம்பரத்துக்கான புகை வேறு என்று அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இலேயே வாயுக்கணக்கில் பிரித்துக்காட்டியதும் இங்கே அப்படியே பொருந்தும். படலத்தில் கரியோடு சல்பேட்டும் இருக்கிறது, அது சாணி வரட்டியிலிருந்து வந்ததில்லை. அனல்மின் நிலையங்கள் கந்தகத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று 2015இல் இந்திய அரசு விதி போட்டது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்தாயிற்று. ஜோகன்னஸ்பர்க்கில் ஏழைகளின் பெயரால் கொதித்தவர்கள் யாருடைய புகைபோக்கிக்கு வக்கீலாக நின்றார்கள் என்று இப்போது கேட்கலாம்.

சஹேலுக்கே திரும்புவோம், அங்கே வழக்கு முடியவில்லை. 2006இல் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் க்ரூட்ஸன், பூமியைக் குளிர்விக்கக் கந்தகத்தை வேண்டுமென்றே மேல்வளிமண்டலத்தில் தூவுவதைப் பற்றி ஆராயலாம் என்று எழுதினார். அதன்பின் இது கிறுக்குத்தனம் என்ற நிலையிலிருந்து நிதி கிடைக்கும் ஆய்வுத்துறையாக வளர்ந்திருக்கிறது. எரிமலைக் கணக்குப் போட்ட அதே ஹேவுட் குழு இதையும் ஓட்டிப் பார்த்தது. வட அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் சஹேலில் வறட்சி; தெற்கில் மட்டும் தூவினால் சஹேல் பச்சையாகிறது, ஆனால் அட்லாண்டிக்கில் வேறு விளைவுகள். தெரியாமல் செய்ததை இனித் தெரிந்தே செய்ய முடியும் என்று இதற்குப் பொருள்.

2024 பிப்ரவரியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை கூடியபோது, இந்தத் தொழில்நுட்பத்தை ஆராய நிபுணர் குழு அமைக்கலாம் என்று ஸ்விட்சர்லாந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஆப்பிரிக்க நாடுகள், இதைப் பயன்படுத்தவே கூடாது என்று உடன்படிக்கை வேண்டும் என்றன. இழுபறிக்குப் பின் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. பேரவை கூடிய ஊர் நைரோபி. 1977இல் மேய்ப்பனை அடக்கத் திட்டம் போட்ட அதே ஊர்.